சாப்பிட்ட பிறகு சொன்ன சொல்

என் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ‘கட்டணம் வாங்கிய பிறகே பொருளைத் தொடுவோம். உறவு, நட்பு, பங்கு மக்கள் எல்லாரும் இதில் அடக்கம்.’ கடைசி வரியைப் படித்துவிட்டு எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவைக்காரர் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்போ சாமியாரே வந்தாலும் காசு கேப்பீங்களா?” என்றார். “சாமியார் இரும்பு கொண்டுவந்தா கேப்பேன்” என்றேன். அன்றிலிருந்து பூசை முடிந்து வெளியே வரும்போது அவர் என் பக்கம் திரும்புவதில்லை. போகட்டும். சோதனைக்கு வந்தவர்கள் டீ வாங்கித் தந்தாலும் நான் குடிப்பதில்லை. அதற்கும் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

திமிர் இல்லை, பயம். ஒருமுறை ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்லால் அந்த வீட்டுக்கு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று நான் நம்பவில்லை.

சேலம் டவுனில் இரும்பைச் சோதித்துச் சொல்லும் சின்னக் கடை என்னுடையது. கடினம் அளக்கும் மெஷின் ஒன்று, தண்ணீர் ஊற்றி அறுக்கும் கட்டர் ஒன்று, ஒரு பதிவேடு, நான். அவ்வளவுதான் கடை. பாலிடெக்னிக் முடித்து ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இதே வேலையைச் செய்தேன். அந்தக் கூடத்தை மூடியபோது பழைய மெஷினை விலைக்கு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லாரிப் பட்டை அடிப்பவர்கள், போல்ட் வியாபாரிகள், வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகம் இறக்குகிறவர்கள் என்று தினம் யாராவது வருவார்கள். கொண்டுவந்த இரும்பு சொன்ன தரத்தில் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அந்தக் கையெழுத்துக்குத்தான் கூலி.

பாலிடெக்னிக்கில் எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். மூன்று வருடம் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். லேத்தில் என்னைவிட அவள் கை சுத்தம். ஆனால் படிப்பு முடிந்த மாதமே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள், அவள் லேத்தை மறுபடி தொடவே இல்லை. மாப்பிள்ளை ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் ஹெல்ப்பராகப் போய் டிரில்லராக ஆனவர். ஆந்திரா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று இருபது வருடம் போர் போட்டார். அந்த அதிர்வில் இடுப்பு போனது, காதில் எப்போதும் ஒரு இரைச்சல் என்பார். அந்த இருபது வருடத்தில் அவர்களுக்கு மிஞ்சியது ஒரு ஓட்டு வீடும், பின்னால் கொஞ்சம் காலி இடமும். வீட்டை என் தோழி பெயரில் வாங்கியிருந்தார். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் உயரும்.

ஊரோடு திரும்பி வந்தவர் சொந்தத் தொழில் செய்ய ஆசைப்பட்டார். அவருக்குத் தெரிந்தது ரிக் ஒன்றுதான். பாறையைக் குடையும் குழாயின் முனையில் மாட்டும் எஃகுத் தலைக்குப் பிட் என்று பெயர். அதன் முகத்தில் முத்து முத்தாகப் பதித்திருக்கும் குமிழ்களைப் பட்டன் என்பார்கள். பாறையை உடைப்பது அந்தப் பட்டன்தான். உடம்பு எஃகு நன்றாகப் பதப்பட்டிருந்தால் பட்டனைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மெத்தென்று இருந்தால் தட்டத் தட்டப் பட்டன் கழன்று குழிக்குள் விழுந்துவிடும். விழுந்த பட்டன்மேல் வேறு எந்தப் பிட்டும் இறங்காது. அந்தப் போரை அப்படியே மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

சீனாவில் ஒரு கம்பெனி பாதி விலைக்குப் பிட் தருவதாக அவருக்குத் தெரியவந்தது. ஒரு லோடு இறக்கி இங்கே ரிக் ஓனர்களுக்கு விற்பது என்று முடிவு செய்தார். என் தோழியின் நகை போனது, போதவில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்தார்கள். அவள் கையெழுத்துப் போட்ட அன்று எனக்குப் போன் செய்து, “பயமா இருக்குது புள்ள” என்றாள். “ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல” என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ஒரு விஷயத்தில் அந்தச் சீனக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. லோடு கப்பல் ஏறும் முன்பு யாரை வேண்டுமானாலும் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த ஊரில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டினால் தொழிற்சாலைக்குப் போவார்கள், அடுக்கி வைத்த லோடில் தங்கள் இஷ்டத்துக்கு நாலு பிட்டை உருவுவார்கள், ஒன்றை அறுப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். என் தோழியின் கணவர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஏனுங்கக்கா, ஒரு நாள் பாக்கறதுக்கு அவன் கேக்கற காசுல நாம ரெண்டு பிட் வாங்கிப் போடலாமுங்க. அந்த ஊர்க்காரன் அந்த ஊர்க்காரனுக்குத்தானுங்க பேசுவான்? நமக்கு நீங்க இருக்கறப்ப எதுக்குங்க அந்தத் தண்டம்?”

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிகிறது. ‘அந்தச் சோதனைக்காரர் கேட்பது நியாயமான கூலிதான், கொடுத்து வேலை வாங்குங்கள், இங்கே சாம்பிள் வந்தால் எனக்கும் கட்டணம் கட்டி ஒன்றை அறுத்துப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் சொல்லவேண்டிய பதில் அதுதான். நான் சொன்னது, “அதெல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கறேன்.”

சாம்பிளாக இரண்டு பிட் வந்தன. ஒன்றை அவர் சொந்தக்காரர் ஒருவரின் ரிக்கில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார். அந்த ரிக் அதோடு ஆந்திராவுக்குப் போய்விட்டது. மண்பாங்கான இடத்தில் ஓட்டிவிட்டு ‘சூப்பராப் போகுது’ என்று போனில் சொன்னார்களாம். இன்னொன்றை என் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். தோழிக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

“கடைக்குக் கொண்டாந்து குடுக்கறதுக்கு நீ என்ன மூணாவது மனுசியா? வெள்ளிக்கெழம பூச போடறோம். நீ ஊட்டுக்கு வா. கையால தொட்டு ஒரு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போ.”

அந்தப் பக்கத்தில் ரிக் தொழிலில் இருப்பவர்கள் எந்தப் பொருளையும் பூசை போடாமல் தொடமாட்டார்கள். புது வண்டி, புது கம்ப்ரசர், புது டயர் எதுவானாலும் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் உண்டு. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் கோயிலில் புது மோட்டார் சைக்கிளுக்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார், நாங்களும் போய் நிற்கிறோம். ஆனால் சோதிக்கவேண்டிய பொருளுக்கு முதலில் பூசை, பிறகு சோதனை என்று வைத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பையில் ஒரு சின்ன அரத்தை மட்டும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

போனதும் வேலையைக் காட்டவில்லை. “மொதல்ல சாப்புடுங்கக்கா, அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்று இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கூலிக்கு வந்தவளாக இருந்தால் நேரே பொருளிடம் கூட்டிப்போயிருப்பார்கள். நான் விருந்தாளி. வடை, பாயசம், இரண்டு பொரியல். தோழி தன் கையால் நெய் ஊற்றினாள். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் என்னை, “சேலத்துல இரும்பு டாக்டருங்க” என்று தோழியின் கணவர் அறிமுகம் செய்துவைத்தார். நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

சாப்பிட்ட பிறகு பூசையறைக்குக் கூட்டிப்போனார்கள். தாம்பாளத்தில் பிட் உட்கார்ந்திருந்தது. நெற்றி மாதிரி அதன் முகத்தில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றி மல்லிகைப்பூ. கற்பூரம் அப்போதுதான் அணைந்து புகைந்துகொண்டிருந்தது. நான் குனிந்து, சந்தனம் படாத அடிப்பக்க ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

நல்ல பிட்டின் உடம்பு அரத்தை எதிர்த்து நிற்கும். கையில் அந்த முரண்டு தெரியும். இதில் அரம் சோப்புக் கட்டியில் போவதுபோல இறங்கியது. இன்னொரு இடத்தில் இழுத்தேன். அங்கேயும் அப்படித்தான். விரல் நுனியில் எஃகுத் தூள் ஒட்டியது. நல்ல எஃகிலிருந்து அவ்வளவு சுலபமாகத் தூள் வராது.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை கூப்பியபடி நின்றார். இருபது வருடம் குழிக்குள் குழாய் இறக்கிய கை, விரலெல்லாம் காய்ப்பு. தோழியின் மாமியார் கற்பூரத் தட்டோடு நின்றார். அந்தப் புகை இன்னும் அடங்கவில்லை. என் வயிற்றில் அவர்கள் வீட்டுப் பாயசம். வேதக்கார வீட்டுப் பொம்பளை நல்ல நாளில் வந்து தின்றுவிட்டு வாயைத் திறந்தாள், விளங்காமல் போயிற்று என்று காலத்துக்கும் பேசுவார்கள் என்று தோன்றியது. அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை அவர்கள். எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

ஒரே சிரிப்பு, ஒரே சந்தோஷம். யாரோ கை தட்டினார்கள். மனசு உறுத்த, மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன்: “எதுக்கும் இத ஒருதரம் அறுத்துப் பாத்துட்டா நல்லது.” மாமியார் பதறிப்போனார். “சாமி கும்புட்டதப் போயி அறுக்கறதுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு சேலை, ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு தேங்காய். தோழி பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் நின்றோம். சொல்லியிருக்கலாம். “நீ சொன்ன பொறவுதான் என்ற மனசு ஆறுச்சு. அவிய ஒரு மாசமா சரியாத் தூங்கல புள்ள” என்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறு யோசனை வந்தது. மேல் தோல் மட்டும் மெத்தென்று இருக்கலாம், பதம் போடும் சூட்டில் சில சமயம் அப்படி ஆகும், உள்ளே நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் அதையே கொஞ்சம் பலமாக நம்பினேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். “மீதிப் பணத்த அனுப்பிட்டமுங்கக்கா. உங்க வார்த்தைய நம்பித்தானுங்க.” நான் “சந்தோஷம்” என்றேன். இத்தனை வருடத்தில் நான் சொன்னதிலேயே கேவலமான சொல் அதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக் களைத்துவிட்டேன். கோழைத்தனம் என்பது பாதி பதில். மீதி இது: கடையில் கட்டணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நான் வேறு ஆள். வந்தவர் அழுதாலும் சரி, மெஷின் காட்டும் எண்ணைத்தான் எழுதுவேன். பதிவேட்டில் வரிசை எண் விழுந்துவிட்டால் அதை யாருக்காகவும் மாற்ற முடியாது. காசு வாங்கியவள் கசப்பான சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும், அதற்காகத்தான் வாங்கினாள். சேலையும் தேங்காயும் வாங்கியவள் நல்ல வார்த்தை சொல்லவேண்டும், அவளைக் கூப்பிட்டதே அதற்காகத்தான். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. மனதாரப் பெரிய மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையில் என் வேலை செத்தது.

லோடு வருவதற்குள் ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு பொய் சொன்னேன் சாமி, என்றேன். சாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை, நானும் விவரம் சொல்லவில்லை. ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது கோபம்தான் வந்தது. இவ்வளவு மலிவாக மன்னிப்புக் கிடைத்தால் யாருக்குத்தான் உறைக்கும்?

லோடு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு அடுக்கினார்கள். முதல் சில வாரம் நன்றாக விற்றது. மண்ணும் மெது பாறையுமாக இருந்த இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சேந்தமங்கலத்தில், கொல்லிமலை அடிவாரத்தில், ஒரு விவசாயித் தோட்டத்தில் போர் போட்டார்கள். கருங்கல் பாறை. எழுநூறு அடியில் பட்டன்கள் கழன்று குழிக்குள் விழுந்தன. தண்ணீர் ஈரம் காட்ட ஆரம்பித்த இடம் அது. அந்தப் போரை மூடிவிட்டார்கள். விவசாயி ரிக் ஓனரின் சட்டையைப் பிடித்தார். ரிக் ஓனர் நேரே தோழி வீட்டுக்கு வந்து, வாங்கிய பிட்டுகளை வாசலில் கொட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தம்மம்பட்டிப் பக்கம் அதே கதை. அப்புறம் தினமும் யாராவது வந்து வாசலில் கொட்டினார்கள்.

இதெல்லாம் எனக்குத் தோழி போனில் சொன்னது. ஒவ்வொரு தடவையும் அவள் கடைசியில், “நீ பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு?” என்பாள். நான் “ஆமா” என்பேன். அப்புறம் அவள் பெயர் போனில் வந்தால் எடுப்பதை நிறுத்தினேன். ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கப் போனபோது, டவுன் பஸ்ஸுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அவள் எதிரில் வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நான் பக்கத்து ஜவுளிக் கடைக்குள் புகுந்து, வேண்டாத ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, அவள் போகும்வரை அங்கேயே நின்றேன். ஐம்பது வயதுப் பொம்பளை, துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு.

ஆனால் அவள் என்னைத் தேடித்தான் சேலம் வந்திருந்தாள். நான் கடைக்குத் திரும்பியபோது வாசலில் நின்றிருந்தாள்.

“பத்திரத்த மீட்டாட்டி ஊடு போயிரும். இன்னும் இருவது நாளுதான் டைம் குடுத்திருக்கறாங்க” என்று உட்காராமலே சொன்னாள். “அவிய பேசறதே இல்ல புள்ள. கெணத்துப் பக்கம் போனாங்கன்னா நானும் பொறத்தாலயே போறேன்.”

அவளே பேசினாள். சீனக் கம்பெனிக்கு இவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவன் பதில் தெளிவாக இருந்தது. நீங்கள் சோதித்து ஒப்புக்கொண்ட சாம்பிளின் ஜோடி எங்களிடம் சீல் வைத்து இருக்கிறது. சாம்பிள் நன்றாக இருந்து லோடு கெட்டிருந்தால் அது எங்கள் தவறு, பணம் தருகிறோம். நீங்கள் சாம்பிளைச் சோதித்த அறிக்கையை அனுப்புங்கள்.

“நீதான் நல்லா இருக்குதுன்னு சொன்னியே” என்றாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. “அப்ப அவன் சாம்பிள ஒண்ணாக் காட்டீட்டு லோட மாத்தி அனுப்பிச்சிருக்கறான். நீ பாத்தத ஒரு காயிதத்துல எழுதிக் குடு. எங்க ஊடு தப்பிச்சிரும்.”

“அன்னைக்கு நான் மெஷின்ல வெச்சுப் பாக்கலையே. அரத்தாலதானே பாத்தேன். பில்லும் போடல, பதிவும் இல்ல. எதை வெச்சு எழுதறது?”

“அப்ப இப்பப் பாரு. அது இன்னும் சாமி ரூமுலதான் இருக்குது. கொண்டாரேன்.”

“அறுக்கணும்” என்றேன். “அறுத்தாத்தான் உள்ள தெரியும்.”

அவள் கட்டரைத் திரும்பிப் பார்த்தாள். “அறுத்துக்க” என்றாள்.

அன்று முழுவதும் நான் ஜெபம் செய்தேன். அரம் பொய் சொல்லியிருக்கவேண்டும், மேல் தோல் மட்டும் மெத்தென்று இருந்திருக்கவேண்டும், உள்ளே எஃகு கடினமாக இருக்கவேண்டும் என்று. அந்த ஒரு பிட் நன்றாக இருந்தால் அவள் வீடு தப்பும், நானும் தப்புவேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரும்பு ஆறு மாதத்துக்கு முன்னாலேயே வார்த்து அடித்துப் பதப்பட்ட சாமான். என் ஜெபத்துக்கு அது மாறாது என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் மதியம் வந்தாள். அவ்வளவு கனத்தை மஞ்சள் பையில் போட்டு, இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு மல்லிகைச் சருகு பட்டன்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. பக்கத்தில் சோதனைக் கட்டணத்தை எண்ணி வைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைப் பார்த்து, சரியாக அவ்வளவே வைத்தாள்.

பிட்டைக் கட்டரில் பூட்டினேன். தண்ணீரைத் திறந்தேன். சக்கரம் தொட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சந்தனம் கரைந்து மஞ்சளாக ஓடியது. நல்ல பிட்டை அறுக்க என் கட்டர் திணறும், பாதியில் நிறுத்தி ஆறவிடவேண்டும். இது நிற்காமல் அறுந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளும் பாலிடெக்னிக் படித்தவள். கட்டரின் சத்தம் அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அறுத்த துண்டைத் தேய்த்து மெஷினில் வைத்தேன். விளிம்பில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, பட்டன் குழிக்குப் பக்கத்தில் ஒரு அளவு. மூன்றும் இருக்கவேண்டியதைவிட மிகவும் கீழே. அவன் காட்டியதைத்தான் அனுப்பியிருக்கிறான். சாம்பிளும் லோடும் ஒரே எஃகு. இந்த எண்ணோடு யாரிடமும் போய் நிற்க முடியாது. பேனாவைத் திறந்தேன். வேறு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அவன் தன்னிடம் இருக்கும் ஜோடியை அறுத்துப் பார்க்கும்வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, அவள் கணவர் சோறு தின்பார். அதற்காகவாவது எழுதலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

மேஜையில் அவள் வைத்த பணம் இருந்தது. நான் மெஷின் காட்டிய எண்ணை எழுதினேன்.

“இதுவும் சாஃப்ட்தான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். “இதுவும் சாஃப்ட்தான்.”

“அப்ப நீ பாத்தப்ப…”

“அன்னைக்கே தெரியும். அரம் இறங்குச்சு. உங்க வீட்ல சாப்பிட்டுட்டு, கற்பூரம் புகைஞ்சிட்டிருக்கும்போது, எனக்குச் சொல்ல வாய் வரல. பஸ் ஸ்டாப்ல சொல்லியிருக்கலாம். போன்ல சொல்லியிருக்கலாம். நாலு நாள் இருந்துச்சு. சொல்லல.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அறுத்த பிட்டின் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தாள். அறுபட்ட முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. வெளியே தெருவில் யாரோ ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீ காசு கேட்டிருந்தா குடுத்திருப்பமே புள்ள” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். “சேல எடுத்ததுக்கும், ஊரக் கூட்டிச் சோறு போட்டதுக்கும் ஆன செலவுல பாதிகூட ஆயிருக்காதே. நாங்களும் கேக்கல. நீயும் கேக்கல.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து முந்தானையால் இரண்டு பாதியையும் துடைத்து, மஞ்சள் பைக்குள் வைத்தாள். பழைய இரும்புக் கடையில் போட்டால் பஸ் செலவுக்காவது ஆகும் என்றாள். நான் மேஜையிலிருந்த பணத்தை எடுத்து அவள் பைக்குள் திணிக்கப் போனேன். கடவுள் அறிய, அப்போது என்னிடம் அவளுக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

“அத நீயே வெச்சுக்க. சும்மா பாத்தா நீ நெசத்தச் சொல்லமாட்ட” என்றாள்.

நான் பணத்தை வாங்கிக்கொண்டேன். பதிவேட்டில் அடுத்த வரிசை எண்ணைப் போட்டு, அவள் பெயரை எழுதி, பில் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பையை இடுப்பில் ஏற்றி, பஸ் பிடிக்கப் போனாள்.